கோரோ-3பி கடந்து வந்த வழி

திருவோண நட்சத்திரத்தை அடையாளம் தெரிந்தவர்களுக்குக் கழுகு விண்மீன் தொகுதியைக் கண்டுகொள்வது எளிது. ஆவணி மாத முன்னிரவில் அது நம் ஊர் வானில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அந்தத் தொகுதியின் எல்லைக்குள், வெறுங்கண்ணுக்கு எட்டாத மங்கலான விண்மீன் ஒன்று இருக்கிறது. நிறையில் சூரியனைப்போல 1.37 மடங்கு, ஆரத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், மேற்பரப்பு வெப்பத்தில் சூரியனைவிடச் சுமார் ஆயிரம் பாகை கூடுதல். பட்டியல்களில் ஓர் எண்ணாக மட்டும் இருந்த அந்த விண்மீனை இன்று வானியலாளர்கள் பெயர் சொல்லி அறிவதற்குக் காரணம், அதை நான்கு நாள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் இருண்ட துணை. கோரோ-3பி என்பது அந்தத் துணையின் பெயர்.

அது கோளா, விண்மீனா, இரண்டுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீனா என்று கேட்டால் எல்லாரும் ஒரே விடையைச் சொல்வதில்லை. ஆனால் அதன் நிறையும் பருமனும் நல்ல துல்லியத்துடன் தெரியும். 2,000 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும், கண்ணால் யாருமே பார்த்திராத ஒரு பொருளை எடைபோட்டு, அளவெடுத்து, அடர்த்தி சொல்ல முடிந்தது எப்படி? என்னைப் பொறுத்தவரை, அதற்கு என்ன பெயர் என்பதைவிட இந்தக் கேள்விதான் பெரியது.

வாயு மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கும்போது அதன் நடுப்பகுதி சூடேறுகிறது. சூடு போதிய அளவு ஏறினால் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்கும். அந்த ஆற்றல் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும். விண்மீன் ஒன்று பிறந்துவிடும். மேகத்தின் நிறை குறைவாக இருந்தால் கதை வேறு. அணுக்கரு இணைவு நிலைகொள்ளும் முன்பே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருக்கும் கட்டம் வந்துவிடும். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதி அங்கே ஓர் அழுத்தமாக வெளிப்பட்டு, மேற்கொண்டு சுருங்கவிடாமல் தடுக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய சந்திரசேகர், இறந்த விண்மீன்களான வெண்குறுமீன்களைத் தாங்கி நிற்பது இந்த அழுத்தம்தான் என்ற அடிப்படையில் தம் புகழ்பெற்ற நிறை வரம்பைக் கணக்கிட்டார். ஒரு தலைமுறை கழித்து, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் எஸ். குமார் இதே இயற்பியலை மறுமுனையில் வைத்துப் பார்த்தார். விண்மீனாக ஆக முடியாமல் நின்றுபோகும் பொருள்கள் இருந்தாக வேண்டும் என்று அவர் 1963இல் எழுதினார். சூரியனின் நிறையில் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஹைட்ரஜன் நிலையாக எரியாது என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த விரிவான கணக்குகளும் அதை ஒட்டியே நிற்கின்றன. வியாழன் கோளை அலகாகக் கொண்டால் அது எழுபத்தைந்து, எண்பது வியாழன். குமாரின் பெயர் நம் பாடநூல்களில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கீழ் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் எளிதில் எரியக்கூடியது. சுமார் 13 வியாழன் நிறை இருந்தாலே போதும், அந்தச் சிறு கையிருப்பு தீரும்வரை அது எரிந்துகொண்டிருக்கும். 13க்கும் 80க்கும் நடுவில் இருப்பவற்றைப் பழுப்புக் குறுமீன்கள் என்று கொள்வது பொது வழக்கம். கோரோ-3பி இந்த வரம்பின் அடிமட்டத்தில், 21.7 வியாழன் நிறையோடு நிற்கிறது.

பழுப்புக் குறுமீன் இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் 1995இல் தீர்ந்தது. கிளீஸ் 229 என்ற விண்மீனின் அருகே மங்கலான துணை ஒன்று நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டது. கார்த்திகைக் கூட்டத்தில் டெய்டே 1 என்ற தனிப் பொருளும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கிளீஸ் 229பி பற்றி அறிவித்த அதே மாநாட்டில்தான் சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோளான 51 பெகாசி பி-யும் உலகுக்குத் தெரியவந்தது. இருப்பது தெரிந்துவிட்டது, அளப்பதுதான் கைகூடவில்லை. தனியாக மிதக்கும் பழுப்புக் குறுமீனின் நிறையை யாரும் நேரடியாக அளந்துவிட முடியாது. ஒளியைப் பார்த்து, வயதை ஊகித்து, கோட்பாட்டு அட்டவணையில் பொருத்தி, இவ்வளவு இருக்கலாம் என்று சொல்லலாம். அட்டவணை தவறாக இருந்தால் நிறையும் தவறாகிவிடும்.

விண்மீனைச் சுற்றும் துணை என்றால் வழி கொஞ்சம் திறக்கிறது. துணையின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவு நிறமாலைக் கோடுகளைச் சற்றே நீலத்துக்கும் சிவப்புக்குமாக நகர்த்தும். இந்த நகர்வை அளந்தால் துணையின் நிறை கிடைக்கும், ஆனால் ஒரு குறையோடு. சுற்றுப்பாதை எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பது தெரியாததால், கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டுமே. 1989இல் டேவிட் லேத்தமும் குழுவினரும் எச்டி 114762 என்ற விண்மீனை 84 நாளுக்கொருமுறை சுற்றும் துணையைக் கண்டறிந்தார்கள். குறைந்தபட்ச நிறை 11 வியாழன். பழுப்புக் குறுமீனாக இருக்கலாம் என்றார்கள். பிறகு, முதல் புறக்கோளே, அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளே, அதுதானோ என்றும் பேச்சு எழுந்தது. முப்பது ஆண்டு கழித்து, விண்மீன்களின் இடத்தை நுட்பமாக அளக்கும் கையா விண்கலத்தின் அளவீடுகள் வந்தபோது, அந்தச் சுற்றுப்பாதையை நாம் ஏறக்குறைய நேர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெளிவாயிற்று. துணையின் உண்மை நிறை நூறு வியாழனையும் தாண்டியது. அது கோளுமில்லை, பழுப்புக் குறுமீனுமில்லை. சிறியதொரு சிவப்பு விண்மீன்.

துணை நமக்கும் விண்மீனுக்கும் குறுக்கே கடந்துபோனால் இந்த ஐயத்துக்கே இடமில்லை. கடப்பு நடக்கிறது என்றாலே சுற்றுப்பாதையை விளிம்பு வாக்கில் பார்க்கிறோம் என்று பொருள். கோணம் தெரிந்துவிட்டது, நிறையும் தெரிந்துவிட்டது. போதாததற்கு, எவ்வளவு ஒளி மறைகிறது என்பதிலிருந்து துணையின் ஆரமும் கிடைத்துவிடுகிறது. நிறை, ஆரம் இரண்டும் கையில் இருந்தால் அடர்த்தி தானாக வரும். சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட வரிசைப்பாடு அரிது. கோரோ-3பி தன் விண்மீனிலிருந்து வெறும் 85 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. புதன் சூரியனைச் சுற்றும் தொலைவில் ஏழில் ஒரு பங்குதான் இது. அவ்வளவு நெருக்கத்திலும், அதன் கடப்பு நம் பக்கம் தெரிவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பே இருந்தது. வியாழன் இருக்கும் தொலைவில் சுற்றியிருந்தால் ஆயிரத்தில் ஒன்றாகியிருக்கும்.

2006இல் இதற்கு ஒரு முன்னோடி வந்தது. ஓரியன் நெபுலாவில், ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு பழுப்புக் குறுமீன்களை கெய்வன் ஸ்டாசனும் அவர் கூட்டாளிகளும் கண்டறிந்து இரண்டையும் அளந்தார்கள். அந்த இணையில் நிறை அதிகமானது குளிர்ந்தும், குறைந்தது சூடாகவும் இருந்தது. கோட்பாடு சொன்னதற்கு நேர் எதிர். வலிமையான காந்தப்புலம் உள்ளிருந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் இப்படி நேரலாம் என்பது பின்னர் கிடைத்த விளக்கம். அளந்து பார்த்திராவிட்டால் இந்த முரண் இருப்பதே தெரிந்திருக்காது.

கோரோ விண்கலம் 2006 டிசம்பர் 27 அன்று கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. பிரெஞ்சு விண்வெளி முகமை முன்னின்று நடத்திய திட்டம். தொலைநோக்கியின் விட்டம் 27 சென்டிமீட்டர்தான். ஆர்வலர்கள் பலர் மொட்டை மாடியில் வைத்திருப்பது இதைவிடச் சற்றே சிறியது. அதன் பலம் பெரிய ஆடியில் இல்லை. காற்றுமண்டலத்தின் நடுக்கத்துக்கு மேலே, சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே வானப் பகுதியை மாதக்கணக்கில் கண்கொட்டாமல் பார்க்க முடிந்ததில் இருந்தது. 2007 மே மாதம் தொடங்கி ஐந்து மாதங்கள் அது கழுகுத் தொகுதிப் பக்கம் பார்த்தபடி ஆயிரக்கணக்கான விண்மீன்களின் ஒளியை ஒரே நேரத்தில் பதிவு செய்தது. அவற்றுள் நம் விண்மீனும் ஒன்று. அதன் ஒளி நான்கே கால் நாளுக்கொருமுறை, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஆயிரத்தில் நான்கு பங்கு குறைந்து மீண்டது. அந்தப் பள்ளங்களைத் தாங்கி வந்த ஒளி தன் விண்மீனை விட்டுப் புறப்பட்டது, கண்டறிந்தவர்கள் கணித்த தொலைவின்படி, சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்.

பள்ளத்தின் ஆழத்தை வைத்துப் பார்த்தால் மறைக்கும் பொருள் வியாழன் அளவு. அப்போது விண்மீனை ஒட்டிச் சுற்றும் சூடான வியாழன் கோள்கள் பல தெரிந்திருந்தன. இதுவும் அவற்றில் ஒன்று என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தத் துறையில் யாரும் பள்ளத்தை மட்டும் நம்பி அறிவிப்பதில்லை. பின்னணியில் இருக்கும் இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்து இதே போன்ற பள்ளத்தைப் போலியாக உண்டாக்கக்கூடும். ஆகவே தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்கு வேலை வந்தது. தெற்கு பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் வான்நோக்ககத்தின் 1.93 மீட்டர் தொலைநோக்கியில் சோஃபி நிறமாலைமானி இருக்கிறது. 51 பெகாசி பி அகப்பட்டதும் அந்தத் தொலைநோக்கியில்தான். சிலியின் லா சில்லாவில் ஹார்ப்ஸ் நிறமாலைமானி. ஜெர்மனியின் டவுட்டன்பர்க்கில் இன்னொன்று. விண்மீன் எவ்வளவு அசைகிறது என்று இவை அளந்தன.

வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12 மீட்டர் அளவுக்கு அசைக்கிறது. 51 பெகாசி பி தன் விண்மீனை அசைப்பது 56 மீட்டர். கழுகுத் தொகுதியின் இந்த விண்மீனோ நொடிக்கு 2 கிலோமீட்டருக்கும் மேலாக அசைந்துகொண்டிருந்தது. பருமன் வியாழனுடையது, நிறை அதைப்போல இருபத்தொன்றரை மடங்குக்கும் மேல். மார்செய் வானியற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மகாலி டெலுயி முதல் ஆசிரியராக, பெரிய குழு ஒன்று 2008இல் இதை வெளியிட்டது. ஆரம் 1.01 வியாழன், சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 26 கிராம். ஈயம் 11.3. பிளாட்டினம் 21.4. பூமியில் கிடைப்பதிலேயே அடர்ந்த உலோகமான ஆஸ்மியம் 22.6. இத்தனைக்கும் அது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். அந்தப் பொருளில் ஒரு லிட்டர் பால் குவளை நிறைய எடுத்தால், சராசரியாக, 26 கிலோ இருக்கும். அதன் மேற்பரப்பு ஈர்ப்பு பூமியைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். இங்கே 60 கிலோ எடையுள்ளவர் அங்கே மூன்று டன் எடை காட்டுவார்.

நிறையைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆரம் ஏன் கூடவில்லை? காரணம், முன்பு சொன்ன எலக்ட்ரான் அழுத்தம். ஏறக்குறைய வியாழன் நிறையிலிருந்து எழுபது வியாழன் நிறைவரை, எவ்வளவு பொருள் சேர்த்தாலும் ஈர்ப்பு அதை உள்ளே அழுத்திவிடும். ஆரம் ஒரு வியாழனையே சுற்றி நிற்கும். அதனால்தான் ஒளியின் பள்ளத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஒரே ஆழப் பள்ளத்தை ஒரு கோளும் உண்டாக்கலாம், பழுப்புக் குறுமீனும் உண்டாக்கலாம், மிகச் சிறிய விண்மீனும் உண்டாக்கலாம்.

இயல்பான விண்மீன் ஒன்றின் குறுக்கே கடக்கும், 13க்கும் 80க்கும் இடைப்பட்ட வியாழன் நிறையுள்ள துணைகளில் முதலில் கண்டறியப்பட்டது கோரோ-3பிதான். அதோடு அதன் இன்னொரு பயணம் தொடங்கியது, பட்டியல்களுக்குள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பணிக்குழு 2003இல் வகுத்த வரையறைப்படி 13 வியாழனுக்கு மேலே இருப்பது கோளாகாது. அதன்படி கோரோ-3பி பழுப்புக் குறுமீன். பாரிசிலிருந்து நடத்தப்படும் புறக்கோள் கலைக்களஞ்சியம் 2011இல் தன் வரம்பை 25 வியாழனுக்கு உயர்த்தியது. கோரோ-3பி கோள்களின் வரிசையில் போய் உட்கார்ந்தது. நாசாவின் புறக்கோள் காப்பகம் 30 வியாழன்வரை சேர்த்துக்கொள்கிறது. அங்கேயும் அதற்கு இடமுண்டு. அந்தப் பொருளில் ஒரு கிராம்கூட மாறவில்லை. 13 என்ற எண்ணே உறுதியானதல்ல. பொருளின் வேதிக் கலவையைப் பொறுத்து 11 முதல் 16 வரை நகரும். நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அபு மலையின் குருசிகரில் உள்ள பாரஸ் நிறமாலைமானியைக் கொண்டு 2023இல் அறிவித்த டிஓஐ-4603பி, 12.9 வியாழன் நிறையோடு ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. நிறையை மட்டும் வைத்துக் கோடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எப்படிப் பிறந்தது என்பதே இயற்கையான பிரிவினை என்று கருதுகிறேன்: விண்மீனைப் போல மேகம் உடைந்து பிறந்ததா, கோளைப் போல, விண்மீனைச் சுற்றிய வாயு, தூசி வட்டத்தட்டில் திடக் கரு வளர்ந்து பிறந்ததா?

கோரோ-3பி எப்படிப் பிறந்தது? இங்கேதான் அதன் இருப்பிடம் முக்கியமாகிறது. சூரியனை ஒத்த விண்மீன்களுக்கு அருகே கோள்கள் உண்டு, துணை விண்மீன்களும் உண்டு. இடைப்பட்ட நிறையில் துணைகள் மிகமிகக் குறைவு. நூறு விண்மீனில் ஒன்றுக்குக்கூட நெருக்கமான பழுப்புக் குறுமீன் துணை கிடையாது. வானியலாளர்கள் இதைப் பழுப்புக் குறுமீன் பாலை என்கிறார்கள். அதன் நடுவே, சுமார் 35க்கும் 55க்கும் இடையில், வெறுமை இன்னும் கூடுதல் என்று 2014இல் போ மாவும் ஜியான் கேயும் காட்டினார்கள். 42 வியாழனுக்குக் கீழே உள்ளவற்றின் சுற்றுப்பாதைகள் கோள்களை ஒத்திருக்கின்றன, மேலே உள்ளவை இரட்டை விண்மீன்களை ஒத்திருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. அந்தக் கணக்கில் 21.7 கோள்களின் பக்கம் சாய்கிறது. பிறகு கிடைத்தவை சில இந்தப் பாலையின் நடுவிலேயே இருப்பதால் வழக்கு முடிந்துவிடவில்லை.

அது பிறந்த இடத்திலேயே இருக்கிறதா, தொலைவிலிருந்து நகர்ந்து வந்ததா என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. துணை கடக்கும்போது சுழலும் விண்மீனின் எந்தப் பாதியை முதலில் மறைக்கிறது என்று நிறமாலையில் பார்த்தால், சுற்றுப்பாதைக்கும் விண்மீனின் சுழற்சிக்கும் உள்ள சாய்வு தெரியும். ஆமோரி திரியோவின் குழு 2009இல் ஹார்ப்ஸ் கொண்டு அளந்து, சுமார் 38 பாகை சாய்வு என்றது. பிழை எல்லை பெரிது. இருந்தாலும் ஒழுங்காக, அமைதியாக ஒரு தட்டில் பிறந்து வளர்ந்த பொருளுக்கு இவ்வளவு சாய்வு எதிர்பார்க்கத்தக்கதல்ல.

கோரோ-3பிக்குப் பின் வந்த உறவினர்கள் மெல்லத்தான் கூடினார்கள். 2012இல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-1பி, அரிசோனாவில் 42 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய சிறு கருவிக்குக் கிடைத்தது. 27 வியாழன் நிறை, சுற்ற 29 மணி நேரம். இத்தனை பக்கத்தில் சுற்றியே தன் விண்மீனின் சுழற்சியைத் தனக்கு ஒத்த வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு ஒப்பீடு. விருச்சிகப் பக்கத்தில் 50 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு வயதே ஆன கூட்டம் ஒன்றில் ஆர்ஐகே 72பி இருக்கிறது. நிறை 59 வியாழன், ஆரம் 3.1. எல்எச்எஸ் 6343சி பல நூறு கோடி ஆண்டுகளைக் கண்ட முதியது. நிறை 62, ஆரம் 0.78. ஏறக்குறைய ஒரே நிறை. கன அளவில் அறுபது மடங்கு வித்தியாசம். எரிபொருள் இல்லாத பொருள் பிறந்த சூட்டை இழந்துகொண்டே சுருங்கும் என்பதைக் கோட்பாடு வெகுநாளாகச் சொல்லிவந்தது. அதைச் சரிபார்க்கும் அளவுகோலைக் கடப்புகள்தான் தந்தன. இன்று தனியாக மிதக்கும் பழுப்புக் குறுமீன் ஒன்றின் நிறையை அட்டவணையிலிருந்து சொல்லும்போது, அந்த அட்டவணையின் நம்பகத்துக்குப் பின்னால் கோரோ-3பி போன்ற சில பத்துப் பொருள்கள் நிற்கின்றன.

கோரோ விண்கலம் திட்டமிட்ட காலத்தைவிட இருமடங்கு உழைத்தது. 2012 நவம்பரில் அதன் கணினி நின்றது. மீட்கும் முயற்சி பலிக்காமல் 2013 ஜூனில் ஓய்வு அறிவிக்கப்பட்டது. அது பதிந்த ஒளிவளைவுகள், அதாவது விண்மீன்களின் ஒளி நேரத்தோடு மாறும் பதிவுகள், எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. கோள் தேடும் கெப்ளர், டெஸ் விண்கலங்களின் தரவும் அப்படியே; எல்எச்எஸ் 6343சி கண்டறியப்பட்டதே கெப்ளர் பொதுவில் விட்ட தரவிலிருந்துதான். நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய தொலைநோக்கி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கணினியும் இணையமும் போதும். முதுகலை மாணவர்களின் அடுத்த ஆய்வுத் திட்டத்துக்கு கோரோ-3பியின் ஒளிவளைவைக் கொடுங்கள். அந்தப் பள்ளத்தை அவர்களே கண்டுபிடித்து, அதன் ஆரத்தை அவர்களே கணக்கிடட்டும்.